பழைய பவர்ஷாட்டில் தெளிவான வீடியோ: சிஎச்டிகே நிறுவிப் பயன்படுத்துவது எப்படி?

காற்றில் ஆடும் ஒரு மரத்தைச் சின்ன டிஜிட்டல் கேமராவில் ஃபோட்டோ எடுத்தால் இலை இலையாகத் தெரியும். அதே மரத்தை அதே கேமராவில் வீடியோ எடுத்தால் பச்சைக் களிம்பு பூசியது போல இருக்கும். ஓடும் தண்ணீர், புகை, மழை, எதை எடுத்தாலும் இப்படித்தான். இதற்கு லென்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை. லென்ஸும் சென்சாரும் பிடித்துக் கொடுத்ததில் ஒரு பெரும்பகுதியை, கார்டில் எழுதுவதற்கு முன் கேமராவே அமுக்கித் தள்ளிவிடுகிறது. எவ்வளவு தள்ளலாம் என்பதை முடிவு செய்வது ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள்ளேயே ஓடும் அதன் சொந்த மென்பொருள். அந்த முடிவை நம் கைக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லை. கேனான் பவர்ஷாட் கேமரா வைத்திருப்பவர்கள் முதல் முறையாக அதைச் செய்து பார்க்க இந்தக் கட்டுரை.

பழைய பவர்ஷாட் மாடல்களில் பல, வீடியோவை மோஷன் ஜேபெக் முறையில் ஏவிஐ கோப்பாக எழுதுகின்றன. 640×480 அளவில், நொடிக்கு 30 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி ஜேபெக் படம். ஜேபெக் ஒரு படத்தை 8×8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான விவரங்களை முதலில் கழிக்கும். இலை, புல், நீர் போன்றவை முழுக்க முழுக்க நுணுக்கமான விவரங்கள்தான். கேமரா ஒதுக்கும் இடம் அவற்றுக்குப் போதாது. அதனால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. வெற்றுச் சுவர் முன் ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இந்தக் குறையே தெரியாது.

எது கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 640×480 கேமரா 1080 ஆகாது. நொடிக்கு 30 ஃபிரேம் 60 ஆகாது. சென்சாரிலிருந்து எவ்வளவு வேகத்தில், எந்த அளவில் படம் வெளியே வருகிறதோ, அது அப்படியேதான் இருக்கும். இருட்டில் எடுத்த வீடியோவின் புள்ளி இரைச்சலும் குறையாது. அமுக்கம் குறைவதால் அந்த இரைச்சல் இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான். பிரகாசமான விளக்கோ சூரியனோ ஃபிரேமுக்குள் வந்தால் சிசிடி சென்சாரில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அதையும் எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. நல்ல வெளிச்சத்தில், விவரம் நிறைந்த காட்சியில்தான் நமக்கு லாபம். அங்கே கிடைக்கும் லாபம் கண்கூடாகத் தெரியும்.

சிஎச்டிகே என்றால் என்ன?

கேனான் ஹேக் டெவலப்மென்ட் கிட் என்பதன் சுருக்கம். ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய திறமூல மென்பொருள். கேனான் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கேனானின் டிஜிக் என்ற படச் செயலிச் சில்லு உள்ள பவர்ஷாட் மாடல்கள் பலவற்றில் ஓடும். பழைய இக்சஸ் மாடல்கள் பலவும் இதில் அடக்கம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இருக்கும் முதல் பயம், "கேமரா செத்துவிடுமோ?" என்பது. சிஎச்டிகே கேமராவின் சொந்த ஃபர்ம்வேரை அழித்துவிட்டு அங்கே உட்காருவதில்லை. மெமரி கார்டிலிருந்து கேமராவின் தற்காலிக நினைவகத்துக்கு ஏறி, பழைய ஃபர்ம்வேருக்குப் பக்கத்திலேயே ஓடும். கேமராவை அணைத்தால் அதுவும் போய்விடும். கார்டை எடுத்துவிட்டு வேறு கார்டு போட்டால் கடையிலிருந்து வந்த கேமரா அப்படியே திரும்பி வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான், ஆரம்பிப்பவர்களிடம் தயங்காமல் சொல்ல முடிகிறது. ஆனாலும் நிறுவனம் ஆதரிக்காத மென்பொருள் என்பதால், உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கேமராவிலோ நாளை ஒரு திருமணத்தை எடுக்க வேண்டிய கேமராவிலோ இன்று இரவு முதல் சோதனை செய்ய வேண்டாம்.

கேனானின் இஓஎஸ் வகைக் கேமராக்களுக்கு மேஜிக் லான்டர்ன் என்ற வேறொரு மென்பொருள் உண்டு. 2009-இல் 5டி மார்க் 2 கேமராவுக்காகத் தொடங்கியது; 2013-இல் அமுக்காத ரா வீடியோ வரை போனது. கைக்கடக்கமான இஓஎஸ் எம் கேமராவிலும் ஓடும். ஆனால் அது நிறுவும்போது கேமராவுக்குள் பூட் ஃப்ளாக் என்ற ஒரு குறியை மாற்றி வைக்கும். ஆகவே சிஎச்டிகே பற்றி இங்கே சொல்வதை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கேமராவின் பதிப்பு எண்ணைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஒரே மாடல் கேமராவிலேயே 1.00சி, 1.00டி, 1.01ஏ என்று பல ஃபர்ம்வேர் பதிப்புகள் இருக்கும். உங்கள் நண்பரிடம் அதே மாடல் இருந்தாலும் அவருடைய கோப்பு உங்கள் கேமராவில் ஓடும் என்று சொல்ல முடியாது. கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிதுதான். கணினியில் இரண்டு வெற்றுக் கோப்புகளை உருவாக்குங்கள். முதல் கோப்பின் பெயர்: வி, இ, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி, அப்புறம் ஆர், இ, க்யூ. இரண்டாவது கோப்பும் அதேதான். புள்ளிக்கு முன் மட்டும் ஓர் எஸ் கூடுதலாக வரும். சில மாடல்கள் முதலாவதைத் தேடும், சில இரண்டாவதை. இரண்டையும் போட்டுவிட்டால் கவலையில்லை. இங்கே ஒரு பொறி உண்டு. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டும். நீங்கள் சரியாகப் பெயர் வைத்ததாக நினைப்பீர்கள். உள்ளுக்குள் கடைசியில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னொட்டைக் காட்டும் அமைப்பை முதலில் இயக்கிவிடுங்கள். நான் முதல் முறை ஒரு மாலை முழுவதையும் இதில்தான் விட்டேன்.

இரண்டு கோப்புகளையும் கார்டில் எந்தக் கோப்புறைக்குள்ளும் போடாமல் மேல்மட்டத்திலேயே வையுங்கள். கார்டைக் கேமராவில் போட்டு, படம் பார்க்கும் பட்டனை அழுத்திக் கேமராவை இயக்குங்கள். நடுவில் இருக்கும் ஃபங்க்/செட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே டிஸ்ப் பட்டனைத் தட்டுங்கள். திரையில் ஃபர்ம்வேர் வெர் என்ற வரியில் ஜிஎம்1.00சி என்பது போல ஒன்று வரும். அதில் ஜிஎம் என்பதையும் புள்ளியையும் விட்டுவிட்டால் கிடைக்கும் 100சி என்பதுதான் உங்கள் பதிப்பு. அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டைத் தயார் செய்வது

உங்கள் மாடலுக்கும் பதிப்புக்கும் உரிய முழுச் சிஎச்டிகே தொகுப்பை இறக்குங்கள். அதை விரித்தால் சிஎச்டிகே என்ற கோப்புறையும், டிஸ்க்பூட்.பின் என்ற கோப்பும், பல மாடல்களுக்கு பிஎஸ்.எஃப்ஐ2 அல்லது பிஎஸ்.எஃப்ஐஆர் என்ற கோப்பும் இருக்கும். கோப்புறை அமைப்பு கலையாமல் எல்லாவற்றையும் கார்டின் மேல்மட்டத்தில் நகலெடுங்கள்.

எந்தக் கார்டு? மிகப் பழைய மாடல்கள் ஃபேட்16 என்ற கோப்பு முறையில் வடிவமைத்த (ஃபார்மேட் செய்த) கார்டிலிருந்து மட்டும்தான் தானாகத் தொடங்கும். அவற்றுக்கு 2 ஜிபி கார்டே வசதி. பிற்கால மாடல்கள் ஃபேட்32-ஐ ஏற்கும், 32 ஜிபி வரை சிக்கல் இல்லை. புதிதாகக் கார்டு வாங்குவதானால் வேக வகுப்பு 10 என்று அச்சிட்டதை வாங்குங்கள். காரணம் கீழே வருகிறது.

முதல் முறை ஏற்றும்போது கார்டின் பக்கவாட்டில் இருக்கும் பூட்டு திறந்த நிலையில் இருக்கட்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். படம் பார்க்கும் பட்டனால் கேமராவை இயக்கி, மெனு பட்டனை அழுத்தி, பட்டியலின் அடிமட்டம் வரை போங்கள். ஃபர்ம் அப்டேட் என்ற புது வரி அங்கே தெரியும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதுவும் நிரந்தரமாக எழுதப்படாது. அதைத் தேர்ந்து செட் அழுத்தினால் சில நொடிகளில் சிஎச்டிகே சின்னம் திரையில் வந்து மறையும்.

ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்வது சலிப்பு. கேமராவை இயக்கியதும் தானாகவே ஏற வேண்டுமென்றால், சிஎச்டிகே மெனுவின் பலவகை அமைப்புகள் பகுதியில் எஸ்டி கார்டு என்பதற்குள் போய், மேக் கார்டு பூட்டபிள் (கார்டிலிருந்தே தொடங்கும்படி செய்) என்பதைக் கொடுங்கள். அப்புறம் கேமராவை அணைத்து, கார்டை எடுத்து, அதன் பூட்டைப் போட்டுவிட்டு மறுபடி செருகுங்கள். பூட்டிய கார்டில் கேமரா எப்படி எழுதும் என்று கேட்கத் தோன்றும். அந்தப் பூட்டு கார்டுக்குள் எதையும் தடுப்பதில்லை; அதன் நிலையைப் பார்த்துக் கேமராதான் எழுதாமல் இருக்கிறது. சிஎச்டிகே ஏறியதும் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். வழக்கமான கேமரா வேண்டும் என்ற நாளில் பூட்டைத் திறந்து போட்டால் போதும்.

ஃபர்ம் அப்டேட் வரியே வராத மாடல்களும் உண்டு. அவற்றுக்கு ஸ்டிக் என்ற சிறு நிரலைக் கணினியில் ஓட்டலாம். உங்கள் கேமராவில் எடுத்த, திருத்தாத ஒரு ஃபோட்டோவை அதனிடம் கொடுத்தால் மாடலையும் பதிப்பையும் தானே படித்து, தொகுப்பை இறக்கி, கார்டையும் பூட் ஆகும்படி செய்து தந்துவிடும்.

இனி வீடியோ அமைப்புகள்

சிஎச்டிகேயின் மெனுவுக்குள் போக முதலில் ஆல்ட் நிலைக்கு மாற வேண்டும். பல மாடல்களில் அச்சுப்பொறிப் படம் போட்ட பட்டன்தான் இதற்கு. அந்தப் பட்டன் இல்லாத மாடல்களில் வேறொன்று. அழுத்தியதும் திரையின் அடியில் ஆல்ட் என்று வரும். இப்போது மெனு அழுத்தினால் சிஎச்டிகே மெனு திறக்கும். அதில் வீடியோ பாராமீட்டர்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள்.

முதல் வரி வீடியோ மோட். இதில் பிட்ரேட், குவாலிட்டி என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. பிட்ரேட் முறையில் நொடிக்கு எவ்வளவு தரவு எழுத வேண்டும் என்பதை, கேமராவின் வழக்கமான அளவைப் போல 0.25 மடங்கு முதல் 3 மடங்கு வரை நீங்கள் சொல்லலாம். காட்சி எதுவானாலும் கேமரா அந்த அளவை ஒட்டியே எழுதும். குவாலிட்டி முறையில் 1 முதல் 99 வரை ஒரு தரத்தைச் சொல்வீர்கள். எளிய காட்சிக்குக் குறைவாகவும் சிக்கலான காட்சிக்கு அதிகமாகவும் தரவு போகும்.

குவாலிட்டி முறை கேட்க நன்றாக இருந்தாலும், புதியவர்கள் பிட்ரேட்டில் தொடங்க வேண்டும் என்பேன். குவாலிட்டியை 90-க்கு மேல் வைத்துவிட்டு நீலவானத்தை எடுத்துக்கொண்டே கேமராவை மரத்தின் பக்கம் திருப்பினால், தரவு ஒரேயடியாக எகிறி, கார்டு எழுத முடியாமல் பதிவு நின்றுவிடும். எப்போது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிட்ரேட்டில் அந்தத் திடுக்கிடல் இல்லை. முதலில் 1.5 மடங்கு வையுங்கள்.

அடுத்து கார்டின் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 640×480, 30 ஃபிரேம் வீடியோவுக்குக் கேமரா வழக்கமாக நொடிக்கு ஏறக்குறைய 2 எம்பி எழுதுகிறது. 2 மடங்கு என்றால் 4 எம்பி, 3 மடங்கு என்றால் 6 எம்பி. கார்டின் மேல் வட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் எண், அந்தக் கார்டு நொடிக்குக் குறைந்தபட்சம் எத்தனை எம்பி எழுதும் என்பதைக் காட்டுகிறது. வகுப்பு 4 கார்டு 2 மடங்குக்கு விளிம்பில் நிற்கும். 3 மடங்குக்கு வகுப்பு 6 கூட இழுபறிதான். வகுப்பு 10 போட்டால் கார்டு பக்கம் தடை இருக்காது. அதன்பின் கேமராவின் சொந்த எழுதும் வேகம்தான் எல்லை, அது மாடலுக்கு மாடல் வேறுபடும்.

இன்னொரு எல்லை கோப்பின் அளவு. பல மாடல்கள் ஒரு கோப்பு 4 ஜிபி ஆனதும் நிறுத்திவிடும். இன்னும் பழையவை 1 ஜிபியிலேயே. வழக்கமான பிட்ரேட்டில் 4 ஜிபி என்பது சுமார் 34 நிமிடம். 2 மடங்கில் 17 நிமிடம், 3 மடங்கில் 11 நிமிடம். 1 ஜிபி எல்லை உள்ள கேமராவில் 2 மடங்கு வைத்தால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். துண்டு துண்டாக எடுத்துக் கோக்கும் படத்துக்கு இது பிரச்சினையே இல்லை. ஒரு பேச்சை முழுதாக எடுக்க வேண்டுமென்றால் வழக்கமான பிட்ரேட்டுக்கே திரும்பிவிடுங்கள். பேசுபவரின் முகத்துக்கு அதுவே போதும்.

இப்போது சோதனை. கேமராவை முக்காலியில் அல்லது அசையாத மேசையில் வைத்து, காற்றில் ஆடும் அடர்ந்த மரத்தையோ அலையடிக்கும் நீரையோ ஃபிரேம் முழுக்க வரும்படி அமையுங்கள். 1, 1.5, 2, 2.5, 3 என்று ஒவ்வொரு மடங்கிலும் குறைந்தது இரண்டு நிமிடம் எடுங்கள். அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டால் சோதனை பொய் சொல்லும். கேமராவின் இடைநினைவகம் நிரம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும். நிரம்பினால் திரையில் ஆச்சரியக்குறி வந்து பதிவு தானாக நின்றுவிடும். எந்த மடங்கில் அது நடக்கிறதோ, அதற்கு ஒரு படி கீழேதான் உங்கள் கேமராவும் கார்டும் சேர்ந்து தாங்கும் அளவு.

பிறகு அந்த ஐந்து கோப்புகளையும் கணினியில் முழு அளவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1-க்கும் 1.5-க்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் முதல் பார்வையிலேயே தெரியும். 2-க்குப் பிறகு நின்று உற்றுப் பார்க்க வேண்டும். என் கேமராவில் 2-க்கு மேல் போவதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. உங்கள் கண் வேறு மாதிரிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

மோஷன் ஜேபெக்குக்குப் பதில் ஹெச்.264 என்ற வேறொரு அமுக்க முறையில் எழுதும் பிற்கால மாடல்களில் இந்தப் பிட்ரேட் அமைப்பு வேலை செய்யாமல் போகலாம். 1 மடங்கிலும் 2 மடங்கிலும் ஒரே காட்சியை ஒரே நேர அளவுக்கு எடுத்துக் கோப்பின் அளவை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். அளவு மாறவில்லையென்றால் கீழே வரும் மற்ற வசதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூம், வெளிச்சம், ஒலி

பல பவர்ஷாட்களில் பதிவு நடக்கும்போது ஆப்டிகல் ஜூம் பூட்டிக் கிடக்கும். மோட்டார் ஓசை மைக்கில் ஏறிவிடும் என்பதே காரணம். வீடியோ பாராமீட்டர்ஸ் பகுதியிலேயே எனேபிள் ஆப்டிகல் ஜூம் என்ற வரி இருக்கிறது. அதை இயக்கினால் ஜூம் வேலை செய்யும். மியூட் டியூரிங் ஜூம் என்பதையும் இயக்கினால் ஜூம் நகரும் நேரத்தில் மட்டும் ஒலி அடைபடும். பேச்சுள்ள காட்சியில் இதைச் செய்யாதீர்கள், பாதி வார்த்தை காணாமல் போகும். டிஜிட்டல் ஜூமைக் கேமராவின் சொந்த மெனுவில் அணைத்துவிடுங்கள். கூட்டிய பிட்ரேட்டை வைத்துக்கொண்டு இல்லாத விவரத்தைப் பெரிதாக்குவதில் அர்த்தமில்லை.

வெளிச்சம் தானாக ஏறி இறங்குவது வீடியோவை அமெச்சூராகக் காட்டும் இன்னொரு குறை. கேமராவில் ஏஇ லாக் வசதி இருந்தால், முக்கியமான பொருளின் மேல் வைத்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு அப்புறம் பதிவைத் தொடங்குங்கள். ஃபோகஸையும் அப்படியே பூட்டுங்கள். வெள்ளைத் தாளைக் காட்டி, வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வொயிட் பேலன்ஸ் அமைப்பை நீங்களே அமையுங்கள். இவை மூன்றுக்கும் சிஎச்டிகே தேவையே இல்லை. ஆனாலும் இவற்றைச் செய்யாமல் பிட்ரேட்டை மட்டும் கூட்டிப் பயனில்லை. சிஎச்டிகேயில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும், வெளுத்துப்போகும் இடங்களைக் காட்டும் ஸீப்ரா கோடுகளும் பதிவுக்கு முன் வெளிச்சத்தைச் சரிபார்க்க அருமையானவை. பதிவு தொடங்குமுன் அவற்றை அணைத்துவிடுவது என் வழக்கம். திரையில் வரைவதற்குச் செலவாகும் சக்தி, எழுதும் வேலைக்குப் போகட்டும்.

ஒலியில் எந்த முன்னேற்றமும் வராது. பழைய மாடல்கள் பலவற்றில் மோனோதான். முக்கியமான பேச்சென்றால் ஃபோனில் தனியாகப் பதிவு செய்து, தொடக்கத்தில் ஃபிரேமுக்குள் ஒரு முறை கை தட்டுங்கள். அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம்.

வேலை செய்யவில்லையா?

கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா சொன்னால் சிஎச்டிகே ஏறவே இல்லை. கார்டு பூட் ஆகும்படி அமையவில்லை, அல்லது டிஸ்க்பூட்.பின் கோப்பு ஏதோ ஒரு கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பட்டனை அழுத்தியும் கேமரா இருண்டே கிடந்தால் பெரும்பாலும் பதிப்பு எண் பொருந்தவில்லை. நெஞ்சு படபடக்கும், ஆனால் பேட்டரியைக் கழற்றி, கார்டை எடுத்து, பேட்டரியை மறுபடி போட்டால் கேமரா எழுந்துவிடும். அப்புறம் தாளில் எழுதி வைத்த எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நடுவில் உறைந்து நின்றாலும் இதே மருந்துதான்.

நேற்று ஓடிய பிட்ரேட் இன்று நின்றுபோனால் கார்டில் கோப்புகள் சிதறிக் கிடக்கலாம். எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டுக் கார்டை வடிவமையுங்கள். ஆனால் வடிவமைத்தால் சிஎச்டிகேயும் சேர்ந்தே அழியும், பூட் குறியும் போகலாம். அதனால் கார்டின் மேல்மட்டக் கோப்புகளின் நகல் ஒன்றைக் கணினியில் எப்போதும் வைத்திருங்கள். அதைத் திரும்பப் போட்டு, ஒரு முறை ஃபர்ம் அப்டேட் வழியாக ஏற்றி, மறுபடி மேக் கார்டு பூட்டபிள் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

எடுத்த ஏவிஐ கோப்புகளைக் கார்டு ரீடரில் நகலெடுங்கள். எடிட் செய்யும் மென்பொருளில் அந்த மூலக் கோப்புகளையே நேரடியாகப் போடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம் என்பதால் எந்த ஃபிரேமிலும் சுத்தமாக வெட்டலாம், பழைய கணினியும் திணறாது. சிறிதாக்க வேண்டுமென்றால் எடிட் முடிந்தபின் ஒரே ஒரு முறை ஹெச்.264-க்கு மாற்றுங்கள். இடையில் ஒவ்வொரு மாற்றமும், நீங்கள் பாடுபட்டுக் காப்பாற்றிய இலைகளில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.